கால் மணி நேரம் முந்திய சங்கு

அத்தியாயம் 11

எங்கள் ஊர் ஸிதி மர்ஸூக்கில் விடிந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் எழுந்தார்கள். நேற்று வைத்த நோன்பு கூடுமா, கூடாதா?

அந்த நேற்றைய சாயங்காலத்தில்தான் போன வாரம் கதையை நிறுத்தினேன். ரமலான் மாதத்தில் எங்கள் ஊரில் நோன்பு திறக்கப் பாங்கு சத்தத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. உர ஆலையின் சங்குதான் எங்களுக்குக் கணக்கு. ஆலை வந்த காலத்திலிருந்தே ரமலானில் சங்கை ஊருக்கு இரவல் கொடுத்துவிடுவார்கள். நீளமாக ஒரு ஊதல், ஊர் முழுக்க வாயில் பேரீச்சம்பழம். ஆலையில் ஏதாவது கசிந்தால் ஊத வேண்டியதும் அதே சங்குதான். அப்போது மட்டும் விட்டுவிட்டு ஊத வேண்டும். விட்டுவிட்டு ஊதினால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு காகிதத்தில் படம் போட்டு எப்போதோ வீடு வீடாகக் கொடுத்தார்கள். முட்டையை மடித்துப் பொரிக்கிற பிரிக்கிலிருந்து எண்ணெய் வடியட்டும் என்று அந்தக் காகிதத்தை எங்கள் வீட்டில் தட்டில் விரித்தோம். மற்ற வீடுகளில் என்ன செய்தார்களோ, இதைவிட மரியாதையாக நடத்தியிருக்க மாட்டார்கள்.

நேற்று சூரியன் மறையக் கால் மணி நேரம் இருக்கும்போது சங்கு ஊதியது. விட்டுவிட்டுத்தான் ஊதியது. ஆனால் பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவன் இரண்டாவது ஊதலுக்காகவா காத்திருப்பான்? முதல் ஊதலிலேயே பழம் உள்ளே போய்விட்டது. சங்கு கேட்பதற்கென்றே கடற்கரைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் ஓடினார்கள். கந்தக வாடை வந்தது. வந்தால் என்ன, தினமும் வருகிற வாடைதானே. ஷொர்பா சூப்பைக் குடித்துக்கொண்டே இருமினோம். அப்புறம்தான் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

சங்கை ஊதியவர் நம் திஜானி. தலை நரைத்தும் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் இன்னும் வேலை பார்க்கிறவர். ஒரு நாள் கூட ஊதலில் பிசகியதில்லை என்று ஊரே மெச்சிய ஆள்.

இன்றைக்கு அவர் வீட்டு வாசலில் காலையிலேயே ஆள் நின்றது.

"என்ன அண்ணே, பசி தாங்கலையா?" என்று ஆரம்பித்தான் கறிக்கடை லஸாத். "சொல்லியிருந்தா ஒரு துண்டு ரொட்டி கொடுத்து அனுப்பியிருப்பேனே. அதுக்காக ஊரையே துணைக்குக் கூப்பிடணுமா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"லஸாத், ராத்திரி உன் வீட்ல எத்தனை பேர் இருமினாங்க?" என்று கேட்டார் திஜானி.

"இருமல் யார் வீட்ல இல்ல? நான் நோன்பைப் பத்திப் பேசறேன், நீங்க இருமலைப் பத்திப் பேசறீங்க."

"நான் நோன்பு திறக்கச் சொல்லி ஊதல. விட்டுவிட்டு ஊதினேன். உள்ள போங்கன்னு ஊதினேன்."

"அதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் எதிர்வீட்டு மன்னூபியா. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். கண் காலையிலிருந்தே சிவந்துதான் கிடந்தது. "எங்க மாமியார் படுத்த படுக்கையா இருந்தும் ஒரு நோன்பு விட்டதில்ல. அந்த மனுசியோட நோன்பை நீங்க கெடுத்துட்டீங்க. நாளைக்கு அல்லாஹ்கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்."

"கூடுமா கூடாதான்னு இன்னிக்கு சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் சதுக்கத்துல வெச்சு இமாம் சொல்லப் போறார்" என்றான் லஸாத். "நீங்க வந்து என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால சொல்லணும். ஊர் கேக்குது."

எங்கள் ஊர்க்காரர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கண் எரிகிறது, நெஞ்சு எரிகிறது, அதைப் பற்றி வாயைத் திறக்காமல் ஒரு பேரீச்சம்பழத்துக்காக ஒரு மனிதனின் வாசலில் போய் நிற்கிற ஜனத்தை வேறு எப்படி எழுதுவது?

*

கூட்டம் கலைந்ததும் ஹம்மாதி வந்தான். ஆலையில் ஆட்களை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் அவன் கையில். சாயங்காலத்துக்கு ஆகட்டும் என்று தேனில் ஊறிய ஸ்லாபியா ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்திருந்தான். திஜானியின் மனைவி நஸீஹா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். வைத்துவிட்டு அடுப்படிக் கதவருகிலேயே நின்றுகொண்டாள்.

"அண்ணே, சுத்தி வளைக்க மாட்டேன்" என்றான் ஹம்மாதி. "கடிகாரம் தப்புன்னு சொல்லிடுங்க."

"என் கடிகாரம் சரியாத்தான் ஓடுது."

"ஓடட்டும். வாயால சொன்னா போதும்."

"நான் வாயு அளக்கிற முள்ளைப் பார்த்தேன் ஹம்மாதி. சிவப்புக்குப் போயிடுச்சு."

"முள்ளு எத்தனை தடவை சிவப்புக்குப் போயிருக்கு? அப்பல்லாம் ஊதினீங்களா?"

"அப்பல்லாம் உடனே திரும்பி வந்துச்சு. நேத்து வரல."

"அப்புறம் வந்துச்சுல்ல."

"உள்ள இருந்ததெல்லாம் வெளியே போன பிறகு வந்துச்சு."

ஹம்மாதி கோபப்படவில்லை. அவனுக்குக் கோபமே வராது. கோபம் வருகிறவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள்.

"ஊருக்கு ஒரு காரணம் வேணும் அண்ணே. கடிகாரம்னு சொன்னா திட்டுவாங்க, ரெண்டு நாள்ல சிரிச்சு மறந்துடுவாங்க. வாயுன்னு சொன்னா பயப்படுவாங்க. பயந்துபோன ஊர்ல ஆலை நடத்த முடியாது. ஆலை இல்லாத ஊர்ல இவங்க எதைத் தின்னுவாங்க? மீனையா? மீன் எங்க இருக்கு?"

"மீன் ஏன் இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கும் எனக்கும் தெரியறதெல்லாம் சதுக்கத்துல பேசறதுக்கு இல்ல." ஹம்மாதி எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்த மாதிரிச் சொன்னான். "புதுசா ஆள் எடுக்கறோம். பட்டியல்ல சாபிர் பேரு மேலதான் இருக்கு. மேலயே இருக்கட்டும்."

சாபிர் இவர்களுடைய மகன். கடல் உயிரினங்களைப் பற்றிப் பட்டம் வாங்கியவன். கடலில் உயிரினம் குறைந்துகொண்டே போகிற ஊரில் அந்தப் படிப்பை வைத்து என்ன செய்வது என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. பட்டம் வாங்கியதிலிருந்து காப்பிக்கடையில் உட்கார்ந்து முடி கொட்டியதுதான் மிச்சம். நிச்சயம் பண்ணிய பெண் வீட்டார், வேலை கிடைத்தால் கல்யாணம், இல்லாவிட்டால் சலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவன் தன் அறைக்குள் இருந்தான். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. எல்லாம் அவன் காதில் விழுந்தது.

*

மதியம் திஜானி ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மகள் ரிஹாப் நடைக்கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய நாலு வயதுக் குழந்தை தஸ்னீம். நேற்று கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து சங்குக்குக் காத்திருந்த பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. ஆலைக்கு நேர் எதிரே இருக்கிற சுவர் அது. சங்கு முதலில் காதில் விழுகிற இடம் என்று பிள்ளைகள் அதற்குச் சண்டை போடுவார்கள். நேற்று வாயுவும் அங்கேதான் முதலில் வந்தது.

குழந்தையின் நெஞ்சுக்குள் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. விலா எலும்புகளின் நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. முகத்தில் ஆவி மருந்துக்கு மூடி வைத்து எடுத்த தடம் இருந்தது.

"டாக்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டார் திஜானி.

"வசந்த காலத் தூசியாம். ஒத்துக்கலையாம்." ரிஹாப் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "காலையில இருந்து இருபது பேருக்கு மேல வந்தாச்சு. எல்லாருக்கும் தூசி ஒரே நாள்ல ஒத்துக்காமப் போயிடுச்சு."

"ஸ்ஃபாக்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லலையா?"

"இங்க இருக்கிற ஆம்புலன்ஸ் ஓடாது. கசிவுன்னா ஸ்ஃபாக்ஸ்ல இருந்து வண்டி வரும், மருந்து வரும், மூச்சுக்குழல் டாக்டர் வருவார். தூசின்னா ஒண்ணும் வராது. கசிவுன்னு எழுதுங்க டாக்டர்னு கேட்டேன். ஆலை இல்லங்குது, உம்தாவும் இல்லங்கறார், நான் எப்படி எழுதறதுன்னு கேக்கறார். அவருக்கும் வேலை இருக்கு, பிள்ளை இருக்கு."

உம்தா என்றால் ஊருக்கு அரசாங்கம் வைத்திருக்கிற ஆள். அவர் மேலே சொன்னால்தான் மேலே கேட்கும்.

"உம்தா இன்னிக்கு சதுக்கத்துக்கு வர்றார்" என்றார் திஜானி.

ரிஹாப் இப்போதுதான் நிமிர்ந்தாள். "வாப்பா, நேத்து அந்த அறையில முள்ளைப் பார்த்தது நீங்க ஒருத்தர்தானா?"

"மூணு பேர் பார்த்தோம். மத்த ரெண்டு பேரும் காலையில இருந்து போனை எடுக்கல."

"அப்ப நீங்க ஒருத்தர்தான். சொல்வீங்களா?"

அவர் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார். அது சில்லென்று இருந்தது.

"சொல்றேன்மா. அஸர் முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"சாபிர் வேலை?"

"அதை உங்க உம்மா கேப்பா. நீ கேக்காத."

*

நஸீஹா கேட்டாள். ஆனால் கேட்ட விதம் அவர் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

அவள் அப்போது பிரிக்குக்கு மாவுத் தாளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஈரத்துணியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்ததை அவர் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"கல்யாணமான புதுசுல இந்த வாடைக்கு நான் வாந்தி எடுத்தேன். ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"எங்க வீட்டுக்கே போயிடறேன்னு அழுதேன். அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

திஜானி ஈரத்துணியின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார்.

"இது நம்ம ரொட்டி வாடைன்னு சொன்னீங்க. பழகிடும்னு சொன்னீங்க. பழகிடுச்சு. ரிஹாப் பிறந்தா, நெஞ்சுச் சளி. பழகிடும்னீங்க. சாபிருக்குப் பல்லெல்லாம் மஞ்சளாச்சு. கிணத்துத் தண்ணின்னீங்க. மாதுளம் மரமெல்லாம் பட்டுப்போச்சு, வெயில்னீங்க. இத்தனை வருஷம் என் வாயை அடைச்சது நீங்க. இன்னிக்கு மட்டும் உங்களுக்கு வாய் முளைச்சிடுச்சா?"

"நேத்து மாதிரி என்னைக்கும் நடந்ததில்ல நஸீஹா."

"நடந்ததில்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் கொஞ்சமா நடந்தா அது நடக்கலன்னு அர்த்தமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்கும் தெரியவில்லை. திஜானிக்கும் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்வியைக் கேட்டவர்கள் ஜெயித்துவிடுவதாக ஒரு நினைப்பு நமக்கு உண்டு. நஸீஹாவுக்கும் இருந்தது.

"குழந்தை கஷ்டப்படறது எனக்கு வலிக்கலையா?" என்றாள். குரல் இறங்கியது. "ரெண்டு நாள் ஆவி பிடிச்சா சரியாயிடும். ரிஹாப்புக்கு சரியாகலையா? ஆனா சாபிருக்கு இந்த வேலை போச்சுன்னா போச்சு. கடல் தாண்டிப் பிழைக்கறேன்னு அவன் கள்ளப் படகுல ஏறிடுவான். தண்ணியில போன பிள்ளைங்க எத்தனை பேரோட உம்மா இந்தத் தெருவுல இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க."

"நான் ரிஹாப்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்."

"அப்படியா" என்றாள் நஸீஹா. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மாவுத் தாளைத் துணியால் மூடிவிட்டுக் கையைக் கழுவினாள்.

அவள் சும்மா இருந்தால் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்கிற தப்பைத் திஜானி கல்யாணமான நாளிலிருந்து செய்துவருகிறார். இன்றைக்கும் செய்தார்.

*

அஸர் தொழுகை முடிந்ததும் சதுக்கம் நிரம்பிவிட்டது. நோன்பு திறக்க மல்லித்தழை வாங்க வந்த பெண்கள், சுடச்சுட ரொட்டிக்கு நின்றவர்கள், தொழுதுவிட்டு வந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். பள்ளிவாசல் படிக்கட்டில் இமாம், பக்கத்தில் உம்தா, ஓரமாக ஹம்மாதி. பேசுவது எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மினாராவில் இருக்கிற ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார்கள். வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் கேட்கும், ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்.

"திஜானி, பயப்படாம சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார் இமாம். "நேத்து என்ன ஆச்சு?"

திஜானி மைக்கை வாங்கினார்.

"நேத்து நேரம் தப்பல. நான் நோன்புக்கு ஊதவே இல்ல. கந்தக வாயு கசிஞ்சுது. எல்லாரும் உள்ள போங்கன்னு விட்டுவிட்டு ஊதினேன். இதான் நடந்துச்சு. ஆஸ்பத்திரியில பிள்ளைங்க மூச்சுவிட முடியாமக் கிடக்குதுங்க. தூசி இல்ல அது. உம்தா இதை மேல சொல்லணும்."

சதுக்கம் அமைதியானது. அந்த அமைதியை அவர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். ஊர் இப்போது ஆலைப் பக்கம் திரும்பும் என்று நினைத்தார்.

முதலில் பேசியது மீன் ஏலம் விடுகிற ஷாத்லி. "திஜானி, மெல்ல. மைக்கு போட்டிருக்கு. நம்ம ஊர்ல விஷக் காத்துன்னு வெளியூர்ல காதுல விழுந்தா, எங்க கணவாயை எவன் வாங்குவான்?"

"என் பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம்" என்றாள் ஒருத்தி. "மாப்பிள்ளை வீடு தூனிஸ்ல. இதைக் கேட்டா என்ன நினைப்பாங்க?"

"நாங்களும் அந்தக் காத்தைத்தானே குடிக்கறோம். செத்தா போயிட்டோம்?" என்றான் ஒருவன். சொல்லிவிட்டு நன்றாக இருமினான்.

"அண்ணே, என் ரெண்டு பசங்களும் உள்ளதான் வேலை பாக்கறாங்க" என்றான் கறிக்கடை லஸாத். காலையில் வாசலில் பேசிய கிண்டல் இப்போது அவன் குரலில் இல்லை. கெஞ்சினான். "ஆலையை மூடிட்டா நான் யாருக்குக் கறி விக்கறது? நேரம் பிசகிடுச்சுன்னு சொல்லிடுங்க. நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம். சத்தியமா நினைக்க மாட்டோம்."

"ஆமா, சொல்லிடுங்க" என்று நாலைந்து குரல் சேர்ந்தது.

பார்த்தீர்களா? காலையில் அவரைக் குற்றவாளி என்று சொல்லி வந்த அதே ஜனம். இப்போது குற்றத்தை ஏற்றுக்கொள், மன்னித்துவிடுகிறோம் என்று கெஞ்சுகிறது. குற்றம் அவருடையதாக இருக்கும்வரைதான் அவர்கள் ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியும்.

"நான் பார்த்ததைத்தான் சொல்றேன்" என்றார் திஜானி. மைக்கை விடவில்லை. "நான் பொய் சொல்ல மாட்டேன். நோன்பு வெச்சிருக்கேன்."

இமாம் உம்தாவைப் பார்த்தார். உம்தா ஹம்மாதியைப் பார்த்தார். இத்தனை பேர் கேட்டுவிட்ட பிறகு இதை மேலே சொல்லாமல் இருக்க முடியாது என்பது உம்தாவின் முகத்திலேயே தெரிந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து போனைக் கூட எடுத்துவிட்டார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து நஸீஹா முன்னால் வந்தாள். தலையில் இழுத்துப் போட்ட வெள்ளைப் போர்வையின் ஓரத்தைப் பல்லில் கடித்திருந்தாள். அதை விட்டுவிட்டு, புருஷன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். கொடுக்க மாட்டேன் என்று அவர் பிடித்து வைக்கவில்லை. அவள் தன்னோடு நின்று பேச வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்.

"இமாம், இந்த மனுசனுக்கு வெக்கம்" என்றாள். "அதான் வாயுன்னு சொல்றார். அவருக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல. கடிகாரத்தை முகத்துக்கு நேர வெச்சுத்தான் பாக்கறார். நேத்து வீட்டுக்கு வந்ததும் என்கிட்ட அழுதார், நேரத்தைத் தப்பாப் பார்த்துட்டேன் நஸீஹா, ஊரோட நோன்பைக் கெடுத்துட்டேன்னு. ஊர் முன்னால சொல்ல அவருக்கு வாய் வரல. நான் சொல்றேன். அவரை மன்னிச்சிருங்க."

சொல்லிவிட்டு அழுதாள். அழுகை உண்மையான அழுகைதான். அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள். நம்பினார்களா, நம்பிக்கொண்டார்களா, அது அவரவருக்கே வெளிச்சம்.

"அட, இதுக்கா இவ்வளவு?" என்றான் லஸாத். முகம் மலர்ந்துவிட்டது. "கண்ணுதானே. யாருக்கு இல்ல?"

"வயசாயிடுச்சுல்ல, பாவம்" என்றாள் மன்னூபியா.

தெரியாமல் நேர்ந்தது, ஒரே ஒரு நோன்பைப் பின்னால் ஈடு செய்துவிட்டால் போதும் என்று இமாம் சொன்னார். உம்தா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆட்கள் வந்து திஜானியின் தோளைத் தட்டினார்கள், தலையில் முத்தம் கொடுத்தார்கள். அவர் அசையாமல் நின்றார். வாயைத் திறந்து திறந்து பார்த்தார். மைக்கு இப்போது இமாமின் கையில் இருந்தது. கண் தெரியாத கிழவன் பேசுவதை யார் கேட்கப் போகிறார்கள்?

கூட்டம் ரொட்டிக்கடைப் பக்கம் நகர்ந்தது. நஸீஹா அவர் கையைப் பிடிக்க வந்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார். போகிறவரை அவள் கூப்பிடவில்லை.

*

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் ரிஹாப் எல்லாவற்றையும் கேட்டாள். வாப்பாவின் குரல் வந்ததும் எழுந்து நின்றாள். உம்மாவின் குரல் வந்ததும் அப்படியே நின்றாள். டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நீங்களே கேட்டீங்கல்ல" என்றார். அவராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒரு சிரப் எழுதித் தர்றேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உம்மா வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்திருந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. நோன்பு திறக்கிற நேரம் நெருங்கினால் எங்கள் ஊரில் வாடகை வண்டிக்காரன், பஸ்காரன், எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள்.

சாபிர் கண்ணாடி முன்னால் நின்று சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். நஸீஹா அவனுக்குக் காலரைச் சரி செய்துகொண்டிருந்தாள். ஹம்மாதி போன் பண்ணியிருக்கிறான். ஆலையில் எல்லோரோடும் சேர்ந்து நோன்பு திறக்கட்டும், அப்படியே வேலைக்குக் கையெழுத்தும் போட்டுவிடட்டும் என்று.

ரிஹாப் கத்தவில்லை. நேரே வந்து, உம்மாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, குழந்தையை அவள் மடியில் கிடத்தினாள்.

"ஊருக்கே சொன்னியே உம்மா. இவகிட்டயும் சொல்லு."

"ரிஹாப், நான் சொல்றதைக் கேளு..."

"எனக்கு வேணாம். இவகிட்ட சொல்லு. கடிகாரம்தான் தப்பு, உனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு. சொல்லிக்கிட்டே இரு. நான் தெருவுல எவன் கதவையாவது தட்டி ஒரு வண்டி கொண்டு வர்றேன்."

போய்விட்டாள். கதவைக்கூடச் சாத்தவில்லை.

நஸீஹா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ரிஹாப்புக்குச் சின்ன வயசில் வந்த சளி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது கரகரக்கும், பிள்ளை அழும், விடிந்தால் விளையாடும். இது அப்படி இல்லை. தஸ்னீம் அழவே இல்லை. அழுவதற்கு மூச்சு வேண்டும். உதட்டைச் சுற்றி நீலமாக இருந்தது. தலையைத் தூக்கித் தூக்கிக் காற்றைத் தேடியது.

நஸீஹா அந்தச் சின்ன முதுகைத் தடவினாள். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. கை நின்றுவிட்டது.

"சாபிர், இங்க வா" என்றாள். "இது சளி இல்லடா. இது அந்த வாயுதான். உன் வாப்பா சொன்னது நிஜம். நான் பொய் சொல்லிட்டேன். ஓடிப் போய் உம்தாகிட்ட சொல்லு, நஸீஹா பொய் சொல்லிட்டான்னு சொல்லு. வண்டி வரச் சொல்லு."

சாபிர் குழந்தையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்குத் தஸ்னீம் மேல் உயிர். பிறகு போய்த் திறந்து கிடந்த வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"மெதுவாப் பேசு உம்மா" என்றான். "பக்கத்து வீட்ல கேக்கும்."